செயின்ட் வைட்டஸ் 24ல அடங்கும்னு சொன்ன புண்ணியவான் கொஞ்சம் இங்க வரவும்

வைட்வேலு:
ப்ராக் போறவங்களுக்கு என்ன லென்ஸ்னு போன மாசம் ஒருத்தர் கேட்டிருந்தார்ல, அதுல நம்ம ஒத்தலென்ஸ் அண்ணன் திருவாய் மலர்ந்தது இது: "24 எம்எம்முக்கு மேல அகலமா எதையும் சுமக்காதீங்க, கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் வைட்டஸ் கதீட்ரலே 24ல முழுசா அடங்கும், நானே எடுத்திருக்கேன்." பெரியவர் சொல்றாரேன்னு, 24ஐ விட அகலமா பார்க்குற 16-35 எம்எம் லென்ஸை வீட்டு பீரோவுல வச்சிட்டு வெறும் 24-70ஓட போனேன். ரெண்டாவது முற்றத்துல இருந்து அந்த வளைவுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா சர்ச் மூஞ்சிக்கு நேரா சுவர் மாதிரி நிக்குது, ரெண்டு கோபுரம், 82 மீட்டர் உசரம், பின்னாடி நகரலாம்னா முதுகு சுவத்துல இடிக்குது. குந்தினேன், அடங்கல. கடைசியில கல்லுத் தரையில மல்லாக்கப் படுத்தேன், ஒரு வெளிநாட்டுப் பாட்டி எனக்கு மயக்கம் போல இருக்குன்னு தண்ணி பாட்டில நீட்டுது. மொத்தம் 40 படம், ஒண்ணுலயும் ரெண்டு கோபுர உச்சியும் இல்ல. அண்ணே, எங்க அடங்குச்சுன்னு காட்டுங்க.

ஒத்தலென்ஸ்:
அடங்கும். எடுக்கத் தெரிஞ்சவனுக்கு அடங்கும். 2009ல எடுத்த படம் இந்தா கீழ போட்டிருக்கேன், ஜூம் இல்லாத 24 ஃபிக்ஸட், உச்சியில இருக்குற சிலுவை வரைக்கும் இருக்கு, மேல ஆகாசமும் மிச்சம் இருக்கு. நான் கேமரா பிடிச்சப்ப இங்க பாதி பேர் ட்ரவுசர் போட்டுட்டு இருந்தீங்க. லென்ஸ மாத்துறதுக்கு முன்னாடி காலை நகர்த்தணும் தம்பி, காலை.

வைட்வேலு:
காலை எங்க நகர்த்த? சுவத்துக்குள்ளயா?

மொபைல்மன்னன்:
ஏன் சார் இவ்ளோ சண்டை, ஐபோன்ல 0.5ஐ தட்டினா 13 எம்எம், வேலை முடிஞ்சிது 😀

ஒத்தலென்ஸ்:
யாருப்பா இவன உள்ள விட்டது.

வைட்வேலு:
இந்த ஒரு விஷயத்துல அண்ணன் கூட நான் ஒத்துப் போறேன். ஓரத்துல இருக்குற சிலை எல்லாம் ரப்பர் மாதிரி இழுபட்டிருக்கும், சாயங்காலம் ஆச்சுன்னா வாட்டர்கலர். போய் ரீல்ஸ் போடு.

கணக்குவாத்தி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அடங்குறதுன்னா என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே. ஃபுல்ஃப்ரேம்ல, அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் சைஸ் சென்சார்ல, 24ஐ நிமிர்த்திப் பிடிச்சா மேலும் கீழுமா 74 டிகிரி பார்க்கும். கேமராவை அண்ணாத்தாம நேரா வச்சா அதுல பாதி தரைக்குப் போயிடும், அப்ப 82 மீட்டர் கோபுரம் முழுசா வர கிட்டத்தட்ட 107 மீட்டர் தள்ளி நிக்கணும். மேல அண்ணாத்தினா 30 மீட்டர்லயே வந்துடும், ஆனா கோபுரம் மல்லாந்து விழற மாதிரி இருக்கும். வேலு தம்பி, உங்க 16ம் யோக்கியம் இல்ல, நேரா வச்சா அதுக்கும் 72 மீட்டர் வேணும், அந்த இடத்துல அது கிடையாது. ஆக நேரா வேணும்னா ரெண்டும் உதவாது, கேமராவைச் சாய்க்காம லென்ஸை மட்டும் மேல நகர்த்துற ஷிஃப்ட் லென்ஸ்தான், கேனான் 17 டில்ட்-ஷிஃப்ட் மாதிரி. சாஞ்சாலும் பரவால்லன்னா இடத்தைப் பொறுத்து 24ம் ஓடும்.

ஒத்தலென்ஸ்:
வாத்தியாரே சொல்லிட்டார் பாருங்க, 24ல அடங்கும். நன்றி வாத்தி.

வைட்வேலு:
107 மீட்டர் வேணும்னு வாத்தி சொல்றாரு, படிச்சீங்களா இல்லையா? அடங்காது. நன்றி வாத்தி.

கணக்குவாத்தி:
நான் அப்படிச் சொல்லல, ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்…

டிசம்பர்பயணி:
எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசு. டிசம்பர்ல வீட்டுக்காரர் கூட நாலு நாள் ப்ராக் போறேன், நிக்கான் இசட்50 இருக்கு, சின்ன சென்சார் கேமரா, கூடவே வந்த கிட்லென்ஸ் 16-50. ஃபுல்ஃப்ரேம் கணக்குல அதுவும் 24தானாமே? கூட எதாவது வாங்கணுமா? கைப்பை 7 கிலோதான் விடறாங்க.

ஒத்தலென்ஸ்:
வாங்காதீங்கம்மா, 24ல அடங்கும்.

வைட்வேலு:
வாங்குங்க மேடம், இல்லன்னா என்ன மாதிரி தரையில படுக்கணும்.

ஷட்டர்செல்வி:
ஒத்தலென்ஸ் அண்ணா, உங்க படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கோபுரத்துப் பக்கத்துல தங்க நிறத்துல மொசைக் தெரியுதே, அது தங்க வாசல் மேல இருக்குற கடைசித் தீர்ப்பு மொசைக், 14ஆம் நூற்றாண்டுது. அது தெற்குப் பக்கம். மூணாவது முற்றத்துல கட்டடக் கலைஞர் ப்ளெச்னிக் நட்ட கல்தூண் இருக்குமே, அங்க ஏகப்பட்ட இடம், நடந்து பின்னாடி போகலாம். வேலு சொல்றது மேற்கு முகம், ரோஜா ஜன்னல் இருக்குற பக்கம். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற சுவத்தப் பத்திப் பேசறீங்க.

ஒத்தலென்ஸ்:
சர்ச்னா சர்ச்தான். எந்தப் பக்கம்னு நான் எப்ப சொன்னேன்? அடங்கும்னு சொன்னேன், அடங்கியிருக்கு. மதுரைக் கோயிலை எடுன்னா வடக்குக் கோபுரத்தை எடுத்தா கோயில் இல்லன்னு ஆயிடுமா? அதுவும் தெற்குக் கோபுரம்தான் உசரமே, கிட்டத்தட்ட 100 மீட்டர், நான் பெரிசையே அடக்கியிருக்கேன், இவரு சின்னதுக்குப் படுத்துப் பொரள்றாரு. அந்தக் கோபுரத்துல 299 படி, தோள்ல பையோட ஏறினவன் நான், எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

ஷட்டர்செல்வி:
299 பெட்ரின் டவர் அண்ணா, அது வேற, பெட்ரின் மலை மேல 1891ல கட்டின இரும்புக் கோபுரம். கதீட்ரல் கோபுரம் 287 படி.

ஒத்தலென்ஸ்:
நான் எண்ணினேன். 299.

வைட்வேலு:
இப்ப புரியுது, எந்தக் கோபுரத்துல ஏறினோம்னே தெரியாதவருக்கு எது எதுல அடங்குச்சுன்னு எப்படித் தெரியும் 😂

பழையஃபிலிம்:
இந்த ஊரைப் பத்திப் பேசிட்டு சூடெக் பேரை ஒருத்தரும் எடுக்கல, வெக்கக்கேடு. செக் புகைப்படக்காரர் யோசஃப் சூடெக், முதல் உலகப் போர்ல வலது கை போயிடுச்சு. ஒத்தக் கையோட பெரிய பெட்டிக் கேமரா, ஸ்டாண்டு எல்லாம் சுமந்துட்டு ப்ராக் பூரா நடந்தவர். நீங்க சண்டை போடற இதே கதீட்ரல், 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிஞ்சுது, அந்தக் கடைசிக் கட்டட வேலை நடக்கறப்ப உள்ள போய் வருஷக்கணக்கா எடுத்தவர். கல்லுக் குவியல், தள்ளுவண்டி, மேலேர்ந்து தூசியில இறங்குற வெளிச்சம், அவ்ளோதான் படம். ஒரு எடத்துலயும் கோபுரம் அடங்கணும்னு அவர் படுத்துப் பொரளல. உங்களுக்கு 7 கிலோ கனமாம்.

ஒத்தலென்ஸ்:
அதைத்தான் நானும் சொல்றேன், சூடெக் நம்ம கட்சி. ஒரு கேமரா, பொறுமை, கால்.

வைட்வேலு:
எது, உங்க கட்சியா? சூடெக் பிற்காலத்துல லென்ஸே திரும்பற கோடக் பனோரமா கேமராவுல 10க்கு 30 சென்டிமீட்டர் நெகட்டிவ்ல இந்த ஊரு மொத்தத்தையும் எடுத்தாரு. என் 16 எல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி. அவர் வைட் கட்சி, தலைவரே அவர்தான்.

பழையஃபிலிம்:
அவர் எந்தக் கட்சியும் இல்லய்யா. அப்புறம் அந்த ஊர்க்காரன் ப்ராஹான்னுதான் சொல்றான், ப்ராக் ப்ராக்னு தவளை மாதிரி கத்தாதீங்க.

மொபைல்மன்னன்:
பனோரமா மொபைல்லயும் வரும் சார்

பழையஃபிலிம்:
தம்பி, வேணாம்.

டிசம்பர்பயணி:
சர்ச் உள்ள எடுக்கறதுக்கு என்ன செட்டிங்னு யாராச்சும் சொல்லுங்களேன். ட்ரைபாட் விடமாட்டாங்களாமே.

ஷட்டர்செல்வி:
ஆமா மேடம், உள்ள ட்ரைபாடும் ஃப்ளாஷும் கிடையாது. வாசல்ல பை செக் வேற இருக்கும், நேரம் ஒதுக்கிக்கோங்க. கூரை 33 மீட்டர் உசரம், குளிர்காலத்துல உள்ள ரொம்ப மங்கலா இருக்கும், உங்க கிட்லென்ஸ் அகலமான முனையிலயே எஃப் 3.5தான், வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க, தூண்ல சாஞ்சு மூச்சைப் பிடிச்சு 1/15ல எடுங்க, லென்ஸ்ல கை ஆட்டத்தைக் குறைக்குற விஆர் இருக்கு, தாங்கும். இடது பக்கம் மூணாவது சேப்பல்ல, அதாவது சின்ன வழிபாட்டு அறையில, செக் ஓவியர் மூஹாவோட ஜன்னல் இருக்கும், மத்த கண்ணாடிங்க மாதிரி இருக்காது, முகமெல்லாம் வரைஞ்ச போஸ்டர் மாதிரி தனியாத் தெரியும். அதுக்கு வைட் வேணாம், 50 முனையில கிட்ட இழுத்து எடுங்க. அப்புறம் பாலம்

ஒத்தலென்ஸ்:
செல்வி, கேள்வி கேட்டது அடங்குமா அடங்காதான்னு. ஜன்னல் கதை எதுக்கு. நான் திரும்பச் சொல்றேன், 24ல அடங்கும், நான் அங்க மூணு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அடங்கியிருக்கு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்தையும் ஒரே ஃப்ரேம்ல திணிக்கணும், சாப்பாட்டு இலையில சோறு, சாம்பார், பாயசம் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பிசையற மாதிரி, முன்னாடி அம்பது மீட்டர் கல்லுத் தரை, நடுவுல தீப்பெட்டி சைஸ்ல கட்டடம், மேல கம்ப்யூட்டர்ல ஒட்டின மேகம், அதுக்குப் பேரு வைட் ஆங்கிள். போன வருஷப் போட்டியில யாரு வானத்தை மாத்தி ஒட்டி ரெண்டாம் பரிசு வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், வைட்னு ஆரம்பிக்கும்.

வைட்வேலு:
வந்துட்டாரு. அந்த வானம் நிஜம், கேமராவுல இருந்து வந்த மாத்தாத ரா ஃபைல் அனுப்பினேன், நடுவர் பார்த்தார். மூணாம் பரிசு கூடக் கிடைக்காத வயித்தெரிச்சல் ரெண்டு வருஷமானாலும் ஆறாது போல.

ஒத்தலென்ஸ்:
ஒரு வருஷம். கணக்கும் தெரியல, அதான் மீட்டரும் தெரியல.

சின்னசேலம்சிவா:
வேலு பாஸ், பரிசு இருக்கட்டும். எனக்கு "புத்தம் புதுசு மாதிரி"ன்னு ஒரு 16-35 வித்தீங்களே, உள்ள பூஞ்சை இருந்துச்சே, அதுக்குப் பதில் சொல்லவே இல்ல. ரெண்டு மெசேஜ் போட்டேன்.

வைட்வேலு:
பூஞ்சை நான் குடுக்கறப்ப இல்ல. நீங்க சமையலறை அலமாரியில வச்சிருந்தா அது என் தப்பா? இங்க அதைப் பேசற இடமில்ல.

சின்னசேலம்சிவா:
ட்ரை பாக்ஸ்ல சிலிக்கா போட்டு வச்சேன். பூஞ்சை எங்க சமையலறையில வரல, உங்க பீரோவுல வந்தது. அந்த பீரோவுலதானே இப்பவும் ஒரு 16-35ஐ வச்சிட்டுப் போனதா சொல்றீங்க, அடுத்தது யார் தலையில?

ஒத்தலென்ஸ்:
ஹாஹா. வைட் லென்ஸ் வாங்கினா இதான் கதி. 24ல பூஞ்சையும் அடங்கும்.

ஷட்டர்செல்வி:
பாலத்தைப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன். மேடம், சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலை, அகலம் மட்டும் ரொம்பக் கம்மி, 10 மீட்டர் கூடத் தேறாது. இங்க வைட் போட்டா சிலை ஒவ்வொண்ணும் ஒரு மூலைக்குத் தெறிச்சு ஓடும். நீங்க 50-250 மாதிரி லேசான ஜூம் ஒண்ணு இரவலாவது வாங்கிட்டுப் போங்க, ஒரு கோடியில நின்னு மறு கோடியில இருக்குற கோபுரத்தை இழுத்தா சிலை, விளக்கு, பனிமூட்டம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நிக்கும். டிசம்பர்ல சூரியன் 8 மணியை ஒட்டித்தான் உதிக்கும், அலாரம் வச்சு 7க்குப் போனாலே போதும், ஜூன்ல போனவங்க இதுக்காக 4 மணிக்கு எழுந்திருக்கணும். ஒரு பேட்டரி கூட வச்சுக்கோங்க, குளிர்ல சீக்கிரம் படுத்துடும், உள்சட்டைப் பையில உடம்புச் சூட்டுல வச்சுக்கோங்க.

டிசம்பர்பயணி:
ரொம்ப நன்றி அக்கா 🙏 இதுதான் வேணும்னு இருந்தேன். 50-250 எங்க இரவல் கிடைக்கும்?

வைட்வேலு:
ஜூமா? சர்ச் முன்னாடி நின்னு 250ல என்ன எடுப்பாங்க, மூக்கையா?

ஷட்டர்செல்வி:
பாலம்னு எழுதியிருக்கேன் வேலு. பா-ல-ம். வேணும்னா சர்ச் மேல இருக்குற கல்லுப் பூதங்களையும் எடுக்கலாம், மழைத்தண்ணி துப்பறதுக்கு வச்சது, வாயைப் பொளந்துட்டு ஒவ்வொண்ணும் ஒரு மூஞ்சி. அதெல்லாம் 16லயும் தெரியாது, 24லயும் தெரியாது.

ஒத்தலென்ஸ்:
24ல தெரியும். க்ராப் பண்ணுவேன்.

கணக்குவாத்தி:
க்ராப் பண்ணலாம்னா அப்ப 16ஐயும் க்ராப் பண்ணி 24 ஆக்கலாமே, பின்ன எதுக்கு இந்த 24 பிடிவாதம்?

ஒத்தலென்ஸ்:
வாத்தி, நீங்க முதல்ல என் பக்கம் பேசினீங்க, இப்ப மாறிட்டீங்க. வேலு உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருப்பான்.

கணக்குவாத்தி:
நான் யார் பக்கமும் பேசல. கோணத்தைச் சொன்னேன். மனுஷன் கணக்கு சொல்றது தப்பா?

பழையஃபிலிம்:
தப்பு. லென்ஸைக் கணக்குப் போட்டு வாங்கறவன் படத்தையும் கணக்குப் போட்டுத்தான் எடுப்பான்.

கணக்குவாத்தி:
ஐயா, உங்க காலத்துல ஃபிலிம்ல வெளிச்சம் கணக்குப் போடாமலா எடுத்தீங்க? எக்ஸ்போஷர் அட்டையைச் சட்டைப் பையில வச்சிட்டுத்தானே சுத்தினீங்க.

பழையஃபிலிம்:
எனக்கு அட்டை தேவைப்பட்டதில்ல. ப்ராஹாவுல என் 6க்கு 6 சென்டிமீட்டர் ஃபிலிம் பெட்டிக் கேமரா ஒண்ணோட பத்து நாள், 12 ரோல், 144 படம். வேலு தம்பி ஒரே சுவத்துக்கு 40 எடுத்திருக்காப்ல.

வைட்வேலு:
ஐயா அந்த 144ல கதீட்ரல் முழுசா ஒண்ணாவது உண்டா?

பழையஃபிலிம்:
அது கேள்வியே இல்ல.

ஒத்தலென்ஸ்:
அதான் கேள்வியே. என்கிட்ட இருக்கு, 24ல. இன்னும் ஒரு கோணம் போடறேன் பாருங்க, இது கோட்டையை விட்டுத் தள்ளி, லெட்னா பூங்காவுல இருந்து.

வைட்வேலு:
லெட்னாவுல இருந்தா? அங்க இருந்து 200லயும் அடங்கும்ணே! எங்க வீட்டு மாடியில இருந்து எடுத்தா நிலாவும்தான் 24ல அடங்கும்!

ஒத்தலென்ஸ்:
ஒத்துக்கிட்டீங்களே, அடங்கும்னு.

சின்னசேலம்சிவா:
வேலு பாஸ், பூஞ்சை க்ளீன் பண்ண 4500 ஆச்சு, பில் இருக்கு, பாதியாவது குடுங்க.

டிசம்பர்பயணி:
50-250 இரவல் கேட்டிருந்தேன், சென்னையில யாராவது இருக்கீங்களா? 18ஆம் தேதி கிளம்பறோம்.

ஒத்தலென்ஸ்:
வேணாம்மா அதெல்லாம். வர்ற மே மாசம் நாலாவது தடவை போறேன், டேப் எடுத்துட்டுப் போய் அந்த முற்றத்தையே அளந்துட்டு வரேன். படியையும் எண்றேன். 299.