புதுப்பிப்பு: ஸ்டார்ட்எக்ஸ் தொடங்கியதும் திரை மூடிக்கொள்ளும் சிக்கல் தீர்ந்தது

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில், வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை இட்டால் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் கட்டளை வரிக்கே திரும்பிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். திரையில் சாளரங்களைக் காட்டும் நிரலான எக்ஸ் வழங்கியின் பதிவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லாததே நல்ல துப்பாக அமைந்தது. வழங்கி பழுதாகி நிற்கவில்லை, முறைப்படி நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்டார்ட்எக்ஸ் அழைக்கும் எக்ஸ்இனிட் நிரல், வழங்கியைத் தொடங்கி, முகப்பு அடைவில் தொடக்க நிரல்களைப் பட்டியலிடும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பை இயக்கி, அக்கோப்பு முடிந்த கணமே வழங்கியையும் மூடிவிடுகிறது. அக்கோப்பின் கடைசி வரியில், சாளர மேலாளரான ஓப்பன்பாக்ஸைப் பின்னணிக்கு அனுப்பும் ஆம்பர்சண்ட் (&) குறி இருந்ததால், கோப்பு காத்திராமல் உடனே முடிந்துவிட்டது. குறியை நீக்கி, வரியின் முன்னால் எக்ஸெக் (கோப்பின் இடத்தில் அந்த நிரலையே ஓடவிடும் கட்டளை) சேர்த்ததும் சாளரங்கள் நிலைத்தன. கடிகாரம் போன்ற பிற நிரல்களுக்கு அக்குறி கட்டாயம் வேண்டும். அவை ஓப்பன்பாக்ஸ் வரிக்கு மேலேயே இருக்க வேண்டும். சிலர் பரிந்துரைத்த வரைகலை இயக்கி மாற்றம் தேவைப்படவில்லை.