எயோலியன் தீவுகளில் ஒரு வாரம்: பாய்மரப் படகு + இத்தாலிய மொழி. திட்டம் சரியா?

நீலக்கோடு கேட்டது:
செப்டம்பர் முதல் பாதியில் சிசிலிக்கு வடக்கே, எயோலியன் தீவுகளில் ஒரு வாரம். 12 மீட்டர் படகு, ஓட்டுவதற்கு ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) உண்டு. மிலாட்ஸோவில் சனிக்கிழமை ஏறி அடுத்த சனி இறங்க வேண்டும். நாங்கள் நாலு பேரும் இத்தாலியனில் ஏ1 (தொடக்க நிலை) முடித்தவர்கள். படகிலேயே தினம் இரண்டு மணி நேரம் பாடம் எடுக்க ஓர் ஆசிரியை வருகிறார். ஏழு தீவையும் பார்க்க முடியுமா? பாடத்தை எப்போது வைப்பது? படகுக்கென்று என்ன சொற்கள் வேண்டும்?

கச்சான்காற்று:
ஏழு வேண்டாம். ஃபிலிகூடியும் அலிகூடியும் மேற்கே ஒதுங்கிக் கிடக்கின்றன, ஸ்ட்ரோம்போலி வடகிழக்குக் கோடியில். இரண்டு பக்கமும் ஓடினால் பாடமும் போச்சு, நீச்சலும் போச்சு. வுல்கானோ, லிபாரி, சலீனா, பனாரேயா, ஸ்ட்ரோம்போலி போதும். இந்த வரிசையில் ஒரு நாள் ஓட்டம் பெரும்பாலும் 10 கடல் மைலைச் சுற்றித்தான் வரும், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் இரண்டு மணி நேரம். பல இடங்களில் வெள்ளி மாலையே படகு திரும்பியிருக்க வேண்டும் என்பார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, வியாழன் இரவு வுல்கானோவில் இருக்கிற மாதிரி வையுங்கள்.

பாடம் காலை 9 முதல் 11 வரை, படகு நிற்கும்போதே. ஓடும் படகில் குனிந்து நோட்டில் எழுதினால் அரை மணியில் தலை சுற்றும். 11.30க்குக் கிளம்பினால் 2 மணிக்குள் அடுத்த இடம். அதற்குப் பிறகு போனால் படகைக் கட்டும் நல்ல மிதவைகள் காலியாக இருக்காது.

நங்கூரம்தான் இங்கே தலைவலி. எரிமலைச் சரிவு அப்படியே கடலுக்குள் இறங்குவதால், கரையிலிருந்து கொஞ்சம் விலகினாலே ஆழம் எகிறிவிடும். வாடகைப் படகில் பெரும்பாலும் 50 மீட்டர் சங்கிலி இருக்கும். 8 மீட்டர் ஆழம், அதோடு முன்பக்க உயரம் ஒன்றரை மீட்டர், சங்கிலி இதன் ஐந்து மடங்கு விட வேண்டும் என்றால் 47. அவ்வளவுதான், சங்கிலி தீர்ந்தது. 15 மீட்டரில் போட்டால் ராத்திரி இழுபடும். கூழாங்கல் தரையிலும் அப்படியே. கரும்பச்சையாகத் தெரியும் போசிதோனியா என்ற கடற்புல்மேல் போடவே கூடாது, அது பாதுகாக்கப்பட்டது. காற்று எழும் என்று தெரிந்தால் சலீனாவில் சாந்தா மரீனா துறைமுகத்துக்குள் போய்விடுங்கள். லிபாரியின் மிதவைத் துறைகளில் படகைக் கட்டினால் விரைவுப் படகுகள் கிளப்பும் அலையில் தூக்கம் வராது.

புள்ளிபுளி:
மொழிக்கு வருகிறேன். புளிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்த வாய்க்கு இத்தாலியனில் பாதி வேலை முடிந்தது. 'சேதே' தாகம், 'சேத்தே' ஏழு. 'தோனோ' தொனி, 'தோன்னோ' சூரை மீன். கெடுப்பது ஆங்கிலப் பழக்கம்: இத்தாலியனின் t, d எல்லாம் நம் 'த' போல. 'டுட்டோ' இல்லை, 'துத்தோ'.

படகுச் சொற்கள் முப்பது போதும். ராந்தா பெரிய பாய், ஃபியோக்கோ முன்பாய், ச்சீமா கயிறு, பராபோர்தி பக்கவாட்டில் தொங்கும் மெத்தைகள். 'காத்ஸா' என்றால் இழு, 'லாஸ்கா' தளர்த்து, 'மொல்லா' விட்டுவிடு. (முதல் சொல்லைக் கரையில் உரக்கச் சொல்லாதீர்கள். ஒரு கெட்ட வார்த்தைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒலிக்கும்.) வலப்பக்கம் படகில் 'தெஸ்த்ரா' ஆகாது, 'த்ரித்தா'.

துறைமுகத்தைக் கூப்பிட: 'அவேதே உன் போஸ்தோ பெர் ஸ்தநோத்தே?' (இன்றிரவுக்கு இடம் இருக்கிறதா). நீளமும் 'பெஸ்காஜ்ஜோ'வும், அதாவது நீருக்குள் அமிழும் ஆழமும் கேட்பார்கள். 'தோதிச்சி மேத்ரி' என்று தயாராக வையுங்கள். துறை ஊழியரிடம் 'லேய்', நம் 'நீங்கள்' மாதிரி. படகுக்குள் 'து', நம் 'நீ'.

படகின் பின்பக்கத்தைத் துறையில் ஒட்டும்போது 'த்ராப்பா' என்று, கடலடியில் கட்டப்பட்ட ஒரு கயிற்றை நீட்டுவார்கள். முதலில் காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றைக் கட்டிவிட்டு, த்ராப்பாவை முன்பக்கம் வரை நடந்து கொண்டுபோய் இறுக்க வேண்டும். அது தளர்ந்து கிடக்கும்போது எஞ்சின் கியரில் இருந்தால் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். கையுறை அவசியம், ஒட்டியிருக்கும் சிப்பி அறுக்கும்.

தினமும் சிறந்த பாடம் படகு வானொலியில் (விஎச்எஃப்) 68ஆம் சேனல். வானிலை இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். 'திர்ரேனோ மெரிதியோனாலே' (தெற்கு திர்ரேனியக் கடல், உங்கள் பகுதி) என்று வந்ததும் பென்சிலை எடுங்கள். காற்றின் வலு போஃபோர்ட் அளவுகோலின் எண்ணில் வரும். 'போகோ மோஸ்ஸோ' அரை மீட்டருக்குள் அலை, 'மோஸ்ஸோ' 1.25 வரை, 'மோல்தோ மோஸ்ஸோ' 2.5 வரை. 'இன் ஔமெந்தோ' என்றால் கூடுகிறது. வாடை, கொண்டல் போல அங்கே வடமேற்கு 'மயெஸ்த்ராலே', தென்கிழக்கு 'ஷிரோக்கோ'.

நீலக்கோடு:
இருவருக்கும் நன்றி. ஸ்ட்ரோம்போலியில் இரவு தங்கலாமா?

கச்சான்காற்று:
கடல் தட்டையாக இருந்தால் ஊருக்கு முன்னால் மிதவையில் தங்கலாம். வடக்கிலிருந்து சிறு அலை வந்தாலும் உருட்டி எடுத்துவிடும். இதைவிட நல்ல வழி: பிற்பகலில் போய், இருட்டும் நேரத்தில் வடமேற்கிலுள்ள, எரிமலைக் கற்கள் உருண்டு விழும் ஷாரா தெல் ஃபுவோகோ சரிவைக் கடலிலிருந்து பார்த்துவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் பனாரேயா திரும்புவது. சரிவுக்கு முன்னால் நங்கூரம் போட முடியாது, எஞ்சினோடு மிதக்க வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்பது கடலோரக் காவல்படையின் அன்றைய உத்தரவில் இருக்கும். அந்தச் சரிவு 2002 டிசம்பர் 30இல் கடலில் சரிந்துதான் சுனாமி வந்தது. சைரன் கேட்டால் கரையில் இருப்பவர்கள் மேலே ஏற வேண்டும், படகு ஆழ்கடலுக்குப் போக வேண்டும்.

ஸ்ட்ரோம்போலி எரிமலையின் 924 மீட்டர் உச்சிக்கு ஏறும் ஆசையை விடுங்கள். 2019 ஜூலை 3 வெடிப்பில் ஒருவர் இறந்த பிறகு ஏறுவதற்கு உயர வரம்பு உண்டு, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். வுல்கானோவில் கந்தக வாயுவின் அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பயப்படுவதைவிடப் பள்ளமான இடங்களுக்குப் பயப்படுங்கள். அங்கே தேங்கும் கரியமில வாயுவுக்கு வாசனையே கிடையாது.

படகில் எரிமலைச் சாம்பல் படிந்தால் துணியால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பூச்சு கீறிவிடும். கடலில் மிதக்கும் நுரைக்கல் (எரிமலையின் துளை நிறைந்த கல்) துகள் தெரிந்தால் எஞ்சின் கடல்நீர் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். புகைக்குழாயில் தண்ணீர் துப்புவது குறைந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.