புதுக் கெர்னலில் பென்டிரைவ் மட்டும் வரவில்லை

கேள்வி:
லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.1.55-ஐ நானே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் சரி. பென்டிரைவைச் செருகினால் மட்டும் சத்தமே இல்லை. யூஎஸ்பி-யில் செருகியதைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி-யில் பெயர் தெரிகிறது, ஆனால் டிஸ்க்காக எஸ்டிபி என்று டிவைஸ் வருவதில்லை. அதற்கான மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டு) ஏற்ற 'மாட்ப்ரோப் யூஎஸ்பி-ஸ்டோரேஜ்' கொடுத்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. பழைய கெர்னலில் பூட் செய்தால் அதே பென்டிரைவ் உடனே வருகிறது. மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்யணுமா? போன தடவையே 40 நிமிடம் ஃபேன் கத்திக்கொண்டிருந்தது.

பதில் 1:
மாட்யூல்களை அவற்றின் ஃபோல்டரில் போடும் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் டெப்மாட் ஓட்டி மாட்யூல் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மறந்திருந்தால் வைஃபை எப்படி வரும்? டெப்மாட்டும் ஓட்டியாச்சு, அதே கதைதான்.

பதில் 2:
இருக்கிற மாட்யூல்களுக்குத்தான் டெப்மாட் பட்டியல் போடும், இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? எதையெல்லாம் கம்பைல் செய்வது என்று சொல்லும் கான்ஃபிக்கை 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' வைத்தா எடுத்தீர்கள்?

கேட்டவர்:
ஆமாம். சீக்கிரம் முடியும் என்றார்கள்.

பதில் 2:
அதுதான் வினை. அதை ஓட்டும் நேரத்தில் எல்எஸ்மாட்டில், அதாவது ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலில், இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதை எல்லாம் கழற்றிவிடும். அன்றைக்குப் பென்டிரைவ் செருகியிருக்க மாட்டீர்கள். நான் ஓட்டியபோது பிரிண்டர் அணைந்திருந்தது. பிரிண்டருக்கான யூஎஸ்பிஎல்பி மாட்யூல் போனது ஒரு மாதம் கழித்து, அவசரமாக ஒரு படிவம் அச்சடிக்கும்போதுதான் தெரிந்தது.

முதலிலிருந்து வேண்டாம். 'மேக் மெனுகான்ஃபிக்' போய், டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் யூஎஸ்பி சப்போர்ட், அதில் மாஸ் ஸ்டோரேஜுக்கு 'எம்' (மாட்யூலாக) போடுங்கள். 'மேக் கிளீன்' மட்டும் செய்துவிடாதீர்கள்; பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் இருந்தால் மாறியது மட்டும்தான் கம்பைல் ஆகும். அப்புறம் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால். டெப்மாட்டை அதுவே ஓட்டிவிடும். கம்பைல் ஆகப்போகும் கெர்னலுக்கு 'மேக் கெர்னல்ரிலீஸ்' காட்டும் பெயரும் இப்போது ஓடும் கெர்னலுக்கு 'யூநேம் -ஆர்' காட்டும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முதலில் பாருங்கள். கிட்டில் எடுத்த சோர்ஸில் இடையே ஒரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டிருந்தாலே பெயருக்குப் பின்னால் ஒரு '+' ஒட்டிக்கொள்ளும், மாட்யூல்கள் வேறு ஃபோல்டருக்குப் போய்விடும்.

அடுத்த முறை கையில் இருப்பதை எல்லாம் செருகிவிட்டு லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுங்கள்.

கேட்டவர்:
பெயர் ஒன்றுதான். கம்பைல் சில நிமிடத்தில் முடிந்தது, ரீபூட் இல்லாமலே மாட்ப்ரோப் ஏற்றுக்கொண்டது, எஸ்டிபி வந்துவிட்டது! ஆனால் மவுண்ட் செய்தால் பென்டிரைவில் இருக்கும் எக்ஸ்ஃபேட் ஃபைல்சிஸ்டம் தெரியாது என்கிறது. சரி, அதற்கும் 'எம்' போட்டுவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறது.