காரில் துருப்பிடித்து ஓட்டை: பட்டி போட்டு அடைக்கலாமா?

கடலோரன்:
அவசரம். காரில் துரு அரித்து ஓட்டை விழுந்துவிட்டது, விரல் உள்ளே போகிறது. ஃபைபர் துணியும் பட்டியும் வாங்கிவிட்டேன். நானே அடைத்துவிடலாமா? அடுத்த வாரம் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும்.

செந்தூரான்:
எந்த வண்டி? ஓட்டை எங்கே? கதவிலா, தரையிலா?

நெய்தல்:
படம் இருந்தால் போடுங்கள்.

பழையவண்டி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும், அடுத்த மழைக்குள் பெயின்ட் கொப்புளிக்கும். இது அடிப்படைப் பாடம்.

கடலோரன்:
மாருதி 800, 2010 மாடல். ஓட்டுநர் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு. ஊர் தூத்துக்குடி.

செந்தூரான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, ரன்னிங் போர்டும் பாரம் தாங்குகிறது. ஃபைபர் போதாது. ஜாக்கி வைக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

நெய்தல்:
எனக்கு முன்கண்ணாடி ரப்பர் மேல்தான் சந்தேகம். கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஈரமாக இருக்கும். ஒழுக்கை நிறுத்தாமல் எதைச் செய்தாலும் வீண்.

ஈயம்:
ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு வையுங்கள், துருவே வராது.

பழையவண்டி:
பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு தொடங்குவதும் அங்கேதான். அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் வரவழைக்கும். தெரியாமல் யோசனை சொல்லாதீர்கள்.

ஈயம்:
ஓரத்தைத் தேய்த்துவிட்டுத்தான் எல்லாரும் பற்றவைக்கிறார்கள். மற்ற இடத்தில் பூச்சு அப்படியே இருக்குமே?

பழையவண்டி:
ஓரம்தானே முதலில் போகிறது! சாதாரணத் தகடு, மேலே எபாக்ஸி பிரைமர் என்ற துரு தடுக்கும் அடிப்பூச்சு, அவ்வளவுதான்.

செந்தூரான்:
தகட்டுச் சண்டை பிறகு. கடலோரன், கேஸ் வெல்டிங் வேண்டாம், மெல்லிய தகடு நெளியும். சி.ஓ.2 வெல்டிங்கில் (மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டுவது) அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சீட்டையும் விரிப்பையும் வெளியே எடுத்தபிறகே வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். அடியில் பெட்ரோல் குழாய் போகும் பாதையையும் பார்த்துக்கொள்ளட்டும். முடிந்ததும் உள்குழிவில் மெழுகு அடிக்க வேண்டும். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

கடலோரன்:
பட்டறையில் விட்டுவிட்டேன். தரைத்தகடும் கொஞ்சம் போயிருக்கிறதாம். நன்றி.

நெய்தல்:
விரிப்பு ஈரமாக இருந்ததா?

ஈயம்:
கடைசியில் எந்தத் தகடு வைத்தார்கள்?