அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்: கரு கலைந்தவர்களின் அனுபவங்கள்

அனுப்பானடியிலிருந்து:

எனக்கு முதல் முறை கரு தங்கியபோது, ஏழாவது வாரத்தில் பழுப்பு நிறத்தில் லேசாகக் கறை பட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டே மருத்துவமனைக்குப் போனால், ஸ்கேனில் துடிப்பு சீராக இருந்தது. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு இப்படிப் படுவதுண்டு, அவர்களில் பெரும்பாலோருக்குக் கரு நிலைத்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

இரண்டாம் முறை ஒரு சொட்டுகூடப் படவில்லை, வலியும் இல்லை. குமட்டல் மட்டும் குறைந்திருந்தது. மசக்கை விட்டது என்று மகிழ்ந்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று விடியற்காலையில், வைகைக் கரைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். பதினொரு நாள் கழித்து, ஒன்பது வாரம் முடிந்த கணக்கில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, கருவியை வயிற்றில் வைத்திருந்த பெண் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தித் திரையை மெல்லத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். கரு 8 மில்லிமீட்டர்தான் இருந்தது, துடிப்பு இல்லை. இன்னொரு மருத்துவரும் பார்த்து உறுதி செய்தார்.

"கூட்டத்துல நின்னதுதான் ஆகாமப் போச்சு" என்றார் என் அத்தை. அவர் மனத்தில் வன்மம் எதுவும் கிடையாது. அவருக்குத் தெரிந்த காரணம் அது. நானும் அதை நம்பி நான்கு நாள் உறங்கவில்லை. மறுபடி போனபோது மருத்துவர் ஒரு தாளில் நாள்களைக் கணக்கிட்டுக் காட்டினார். 8 மில்லிமீட்டர் என்பது ஆறரை வாரத்தைச் சற்றுத் தாண்டிய கருவின் அளவு. ஆகவே வளர்ச்சி நின்றது திருவிழாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே. தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தவறி அமைந்தவை என்றும், நடப்பதாலோ, பேருந்தில் போவதாலோ, குடம் தூக்குவதாலோ அது நேர்வதில்லை என்றும் விளக்கினார். உறுதியான கருக்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றனவாம். நாற்பது வயதைத் தாண்டினால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, புகையிலை ஆகியவை மெய்யாகவே ஆபத்தைக் கூட்டுபவை. நம் வீடுகளில் பப்பாளியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை.

மாத்திரையிலேயே கலைந்து வெளியேறியதால், கர்ப்பப்பையைக் கழுவ வேண்டியிருக்கவில்லை. என் இரத்தம் ஓ நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்பதால் அடுத்த கருவுக்குச் சிக்கல் வராமலிருக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். நெகட்டிவ் வகையினர் இதை மருத்துவரிடம் கேட்க மறந்துவிடாதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

என்னுடையது வேறு வகை. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் மட்டும் குத்தியது, கறை கொஞ்சம்தான். மறுநாள் தோள்பட்டை நுனியிலும் வலித்தபோது வாயு என்று எண்ணி, பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். மாலையில் எழுந்து நின்றபோது கண் இருட்டியது. நல்ல வேளையாக என் நாத்தனார் 108-ஐ அழைத்துவிட்டார். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கிறது. வெளியே பட்ட கறையை வைத்து ஆபத்தை அளந்தது நான் செய்த தவறு. ஒருபக்க வலி, தோள் வலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தாலும், நாற்றத்துடன் காய்ச்சல் வந்தாலும் அதே அவசரம்தான்.

திருமங்கலத்திலிருந்து:

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்காக ஒன்று சேர்க்கிறேன். முன்பு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ள விதிப்படி, கரு கலைந்தாலும் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் "பிரசவம் ஆனால்தானே விடுப்பு" என்று மறுத்தார்கள். மருத்துவச் சான்றின் நகலோடு எழுத்தில் விண்ணப்பித்த பிறகே கொடுத்தார்கள். ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.