கண்ணிவெடி வயலில் பாதை திறந்த சாப்பர்கள்: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

கொல்லைமேட்டான்

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். சாப்பர் என்றால் ராணுவத்தில் பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற ஆள். 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றில் டாங்கிகளுக்குப் பாதை திறந்த பட்டாளம். ஆயிரம் கஜத்துக்கு மேல் புதைத்து வைத்த வெடி, தலைக்கு மேல் ஷெல், இருட்டு. இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா வாயிலிருந்து நான் கேட்டது "குளிரு ஜாஸ்தி" என்கிற இரண்டு சொல்தான்.

என்னை உறுத்துவது வேறு. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. எங்கள் பக்கம் மல்லாக்கொட்டை பிடுங்கி முடித்ததும் பிள்ளைகள் எல்லாம் விட்டுப்போன காயைப் பொறுக்க நிலத்தில் இறங்குவோம். களைக்கொத்தை வைத்துக் கண்டபடி கொத்துவோம். ஒருநாள் அப்பாவும் வந்தார். வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துச் சீவிக்கொண்டு குப்புறப் படுத்தார். குச்சியை நேராகக் குத்தவில்லை, சாய்த்துச் செருகினார். ஏதாவது தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் விரலால் மண்ணை ஒதுக்கி ஒதுக்கி, காய் முழுசாகத் தெரிந்த பிறகுதான் எடுத்தார். ஒரு முழம் முடிந்து அடுத்த முழம். பொழுது சாய்கிறபோது எங்களுக்குக் கூடை நிறைந்திருந்தது, அவர் மடியில் பதினாறு காய்.

அவர் படுத்து நகர்ந்த தடத்தில் நான் போய்க் களைக்கொத்தால் தோண்டிப் பார்த்தேன். ஒரு காய்கூட இல்லை. திரும்பினால் அப்பா நிற்கிறார். "நான் பாத்துட்டு வந்த இடத்துல உனக்கு என்னடா சந்தேகம்?" என்று கையை ஓங்கிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்மேல் கை ஓங்கியதே கிடையாது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு கடலைக்காய்க்கு ஏன் அவ்வளவு கோபம்? வீட்டில் சாப்பர் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜான்சி எக்ஸ்பிரஸ்

மன்னிக்கணும், ஒரு திருத்தம். பசந்தரில் பாதை முழுசாகத் திறந்து முடிந்த பிறகு டாங்கிகள் போகவில்லை. டிசம்பர் 16 விடியலுக்கு முன் அக்கரையில் இருந்த காலாட்படை எதிரி டாங்கி வருகிறது என்று சொல்ல, பாதி திறந்த வயலிலேயே பூனா ஹார்ஸ் டாங்கிப் படை இறங்கியது. அதில் இருந்த 21 வயது டாங்கி அதிகாரி அருண் கேத்தர்பால் அன்றைக்குத்தான் இறந்தார்.

எனக்கு இது ரயிலில் தெரிந்தது. எதிர் பெர்த்தில் ஒரு பெரியவர், அந்தப் போரில் டாங்கி ஓட்டியவர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். துண்டை எடுத்து பெர்த் மேல் நீளவாக்கில் விரித்தார். "இது வெள்ளை நாடா. இதுக்குள்ள போனா உயிர்." துண்டு முடிந்த இடத்தில் விரலை வைத்தார். விரலை அதற்கப்பால் நகர்த்தவே இல்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் கண்ணில் நிற்பது அந்த விரல்தான்.

ஆகவே பாதை திறந்த பெருமை முழுவதையும் சாப்பர்களுக்குக் கொடுப்பது சரியில்லை. பெங்களூர் டார்பிடோ என்கிற வெடிகுழாய் கையில் இருந்த படை, வேகமாக வெடித்துத் திறந்திருக்கலாமே?

ஹவில்தார் (ஓய்வு)

ஜான்சி தம்பி, அந்த டார்பிடோவை 1912ல மெக்ளின்டாக்னு ஒரு கேப்டன் கண்டுபிடிச்சதே எங்க சென்டர் இருக்கிற பெங்களூர்லதான். அதனால கொஞ்சம் தெரியும். அது குழாய். முள்கம்பியை அறுக்கும், ஆள் போற அளவுக்கு ஒத்தையடிப் பாதை கொடுக்கும். டாங்கி போற அகலத்துக்கு, அவ்வளவு நீளத்துக்கு அது ஆகாது. டாங்கி முன்னால ட்ரால்னு வெடியை நசுக்கி வெடிக்க வைக்கிற உருளையை மாட்டி உருட்டணும், விட்டதைக் கையால எடுக்கணும். ஷெல் விழுது, அவனவன் குழிக்குள்ள பதுங்குறான், சாப்பர் மட்டும் திறந்த வெளியில மண்ணைத் தடவிக்கிட்டிருக்கான். மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி 9 இன்ஜினியர்தான். உயிரைக் கொடுத்துட்டுத்தான் மஹாவீர் சக்ரா வாங்கினார். நாடா பாதியில நின்னா அது வேலைக்குக் கிடைச்ச நேரம் அவ்வளவுதான்னு அர்த்தம்.

என் கதை 2002. ஆபரேஷன் பராக்ரம்னு எல்லைக்குப் படையை நகர்த்தின சமயம். ராஜஸ்தான் எல்லையில நாங்களே புதைச்சதை நாங்களே எடுக்கிற வேலை. எடுக்கிறதுதான் கஷ்டம். ரிக்கார்டுல வரிசை, இடைவெளி, எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஆனா மணல் ரிக்கார்டு படிக்காது. ஒரு புயல் அடிச்சா மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். எம்14ங்கிற கண்ணிவெடி நூறு கிராம் பிளாஸ்டிக், உள்ளங்கையில அடங்கும், டிடெக்டர்ல சரியா சிக்காது. அது ஆளைக் கொல்ல இல்ல, பாதத்தை எடுக்க.

ஒரு பட்டையில 24 இருக்கணும். 23 வந்துச்சு. நாலு நாள் தேடினோம். நிலத்துக்காரர் தினமும் காலையில கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து குத்தவைப்பார், ஒண்ணும் கேட்க மாட்டார். அஞ்சாம் நாள் 24-வது கிடைச்சுது. என் பார்ட்னர் காலுக்குக் கீழ. நாங்க ரெண்டு பேரும் பாத்து முடிச்சுட்டோம்னு நான் கையைக் காட்டின இடம் அது. அவன் பூட்ஸ் கயிறு அவிழாம, முடிச்சுப் போட்டபடி அப்படியே கிடந்துச்சு.

கொல்லைமேட்டான், உங்க அப்பா கோபம் கடலைக்காய்க்கு இல்லை. சாப்பர் பாத்தாச்சுன்னு சொன்னா அவன் சொல்லை நம்பி நூறு பேர் அதுமேல நடப்பான்.

செவந்தி

நான் பிசியோதெரபிஸ்ட். பயிற்சிக் காலத்தில் கொஞ்ச நாள் புனே செயற்கை உறுப்பு மையத்தில் இருந்தேன் (1944-ல் தொடங்கியது). சிறு வெடியில் கால் போன ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான். புதுக் கால் போட்ட முதல் நாள், பேரலல் பாருக்குள் (இருபக்கமும் பிடித்து நடக்கும் கம்பிகள்) நல்ல காலை முதலில் எடுத்து வைக்கச் சொன்னேன். இவன் செயற்கைக் காலையே முதலில் வைத்தான். திருத்தினேன், மறுபடியும் அதையே வைத்தான். "சிஸ்டர், தெரியாத தரைல இனிமே இதுதான் முன்னாடி போகணும்" என்றான். சிரிக்கவில்லை. சதுரம் சதுரமாக ஓடு பதித்த தரை அது. ஒவ்வொரு ஓட்டையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவனைத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

மிக்னானோ

சுபேதார் சுப்பிரமணியனை யாரும் சொல்லவில்லையே. இத்தாலி, மிக்னானோ, 1944. வெடி அகற்றும் குழுவில் ஒருவர் மிதித்துவிட, பெரிதாக வெடிப்பதற்குள் தானே போய் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்கிற பிரிட்டிஷ் வீர விருது, மரணத்துக்குப் பின். நம் காஞ்சிபுரம் பக்கத்து மனிதர். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் இவர்கள்.

ஹவில்தார் (ஓய்வு)

கடைசி வரியை மட்டும் ஏத்துக்க முடியாது. எங்களுக்கு ட்ரெயினிங்ல அவர் பேரைச் சொல்லாத வாரம் இல்லை. பயம் தெரியாதவனுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் இன்னும் எத்தனை நொடி இருக்குன்னு தெரிஞ்சிருக்காது. அவருக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் போனார்.

கோப்பு

ஹவில்தார் அண்ணே, என் அத்தான் ஒருவருக்கும் இதே மாதிரி நடந்தது, அதனால் எழுதுகிறேன். உங்கள் பார்ட்னருக்கு என்ன பென்ஷன் போடுகிறார்கள் என்று தயவுசெய்து விசாரியுங்கள். சாதாரண ஊனப் பென்ஷன் வேறு, போர்க்காயப் பென்ஷன் வேறு. 2001 ஜனவரி 31 பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் வகைகள் ஏ முதல் இ வரை இருக்கின்றன. எல்லைப் பகுதியில் ஆபரேஷனுக்காக வெடி புதைக்கும்போதோ, எடுக்கும்போதோ ஏற்படும் விபத்து 'இ' வகைக்குள் வருகிறது, அதாவது போர்க்காயம். 'சண்டை நடக்கவில்லையே' என்று சொல்லி யாராவது குறைத்துப் போட்டிருந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது. மெடிக்கல் போர்டு நகல், காயம் பட்ட அன்றைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் புத்தகம் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரிக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் மனு, அதன் ரசீது பத்திரம். ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் கணக்கில் என்ன வகை என்று காட்டுகிறதோ அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே கிளை உண்டு. என் அத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு வருஷம் கேட்கவே இல்லை. கால் போனவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? இதில்தான் எனக்கு ஆற்றாமை.

ஹவில்தார் (ஓய்வு)

நன்றி தம்பி. அவன்கிட்ட சொல்றேன். நாங்க பேசிக்கிட்டு ரொம்ப நாளாச்சு. நான்தான் கூப்பிடல. இதைச் சாக்கா வச்சாவது கூப்பிடறேன்.

கொல்லைமேட்டான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பா அந்தக் குச்சியை எப்படிப் பிடிச்சிருந்தார், ஞாபகம் இருக்கா? கை கவுந்து இருந்துச்சா, மல்லாந்து இருந்துச்சா?

கொல்லைமேட்டான்

மல்லாந்து. உள்ளங்கை வானத்தைப் பார்க்க, கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் குச்சியைத் தொட்டபடி. கையில் ஏதோ வாதம் போல என்று அம்மா தைலம் தேய்த்துவிடுவாள். அவரும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஹவில்தார் (ஓய்வு)

வாதம் இல்லைய்யா. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. கையைக் கவுத்துப் பிடிச்சா தோள்பட்டை பலம் குச்சியில இறங்கிடும். மல்லாத்திப் பிடிச்சா விரல் பலம் மட்டும்தான் இறங்கும். அம்மா இருக்காங்களா?

கொல்லைமேட்டான்

இருக்கிறாள். இப்போதுதான் போய்ச் சொன்னேன். தன் கையை மல்லாத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.