வாடகைக் குடியிருப்பில் மண்ணுக்கடியில் கேஸ் குழாய்: அரிப்புச் சோதனை யார் பொறுப்பு? (டெக்சாஸ்)

ரிச்சர்ட்சன் குமார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து போன வருடம் டல்லாஸ் பக்கம் ஒரு பழைய அப்பார்ட்மென்ட் வளாகம் வாங்கினோம். 1968இல் கட்டியது. 4 கட்டடம், 22 வீடு. தெருவோரம் கேஸ் கம்பெனியின் பெரிய மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது. அங்கிருந்து புல்தரைக்கு அடியில் இரும்புக் குழாய் நாலு கட்டடத்துக்கும் போகிறது. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர். பில் எங்கள் பேரில் வரும், வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் டெக்சாஸ் மாநில ரயில்ரோடு கமிஷனிலிருந்து ஆய்வுக்கு வருவதாகக் கடிதம். குழாய் அரிப்புச் சோதனையின் ரெக்கார்டு எல்லாம் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். விற்றவர் கொடுத்த ஃபைலில் அப்படி ஒரு தாளும் இல்லை. வளாகத்தை நிர்வகிக்கும் கம்பெனி, 'அது கேஸ் கம்பெனி வேலை' என்கிறது. கேஸ் கம்பெனி, 'மீட்டரைத் தாண்டினால் எங்களுடையது இல்லை' என்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் 'கேஸ் இணைப்பைக் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அது போதுமா? யாருக்காவது அனுபவம் உண்டா?

மீனா, ஆஸ்டின்:

குமார், எனக்கு வாடகைக்கு விட்ட தனி வீடு ஒன்று உண்டு. மீட்டர் பின்பக்கச் சந்தில், வேலியோரம். அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை 40 அடி மண்ணுக்குள் போகிறது. அந்த 40 அடி என்னுடையது என்று கேஸ் கம்பெனியே கடிதம் போட்டது. நாங்கள் அதைப் பராமரிப்பதில்லை, இரும்பாக இருந்தால் துருப்பிடித்துக் கசியலாம், அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பிளம்பரை வைத்து பிரஷர் டெஸ்ட் செய்தேன். ஆனால் ஒரே மீட்டரிலிருந்து 22 வீட்டுக்குப் போகிறது என்றால் சட்டம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கோவில்பட்டி செல்வம்:

மீனா சொன்னது சரி. இது வேறு கதை.

குமார், நான் இந்த அரிப்புத் தடுப்பு வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: பொறுப்பு உங்களுடையது. உங்களுடையது மட்டும்தான். நீங்கள் மொத்தமாகக் கேஸ் வாங்கி, உங்கள் குழாய் வழியாகக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கிறீர்கள். இதற்கு மாஸ்டர் மீட்டர் சிஸ்டம் என்று பெயர். மத்திய அரசின் பைப்லைன் விதிகளில் அப்பார்ட்மென்ட் வளாகம், மொபைல் ஹோம் பார்க் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. கேஸுக்குத் தனியாகக் காசு வாங்கினாலும் வாடகையோடு சேர்த்து வாங்கினாலும் ஒன்றுதான். அந்த விதியின் கண்ணில் நீங்கள் ஒரு பைப்லைன் ஆபரேட்டர். பாய்லர் ரூமில் உங்கள் சொந்த பாய்லருக்கு மட்டும் கேஸ் போய், வீடுகளுக்குச் சுடுதண்ணீர் மட்டும் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. உங்களிடம் அடுப்பு வரைக்கும் போகிறது.

நிர்வாகக் கம்பெனியை வேலைக்கு வைக்கலாம், பொறுப்பைக் கைமாற்ற முடியாது. ஒப்பந்தத்தில் இருக்கிற அந்த வரியை ஆய்வாளரிடம் காட்டவே காட்டாதீர்கள். தன் வீட்டு அடுப்பைத் துடைத்து வைக்கச் சொல்லலாம், புல்தரைக்கு அடியில் 3 அடி ஆழத்தில் இருக்கும் குழாயை ஒரு வாடகைக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வார்?

ரயில்ரோடு கமிஷன் என்ற பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1891இல் ரயிலுக்காக ஏற்படுத்தியது. இப்போது ரயில் அவர்களிடம் இல்லை, எண்ணெய், கேஸ், பைப்லைன் பாதுகாப்புதான் வேலை.

அடுத்து சோதனை. பிரஷர் டெஸ்ட் இன்றைக்குக் கசிகிறதா என்று சொல்லும். மண் குழாயைத் தின்றுகொண்டிருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு அளவீடு. ஒரு சின்னக் குழல், உள்ளே செம்புக் கம்பியும் மயில்துத்தக் கரைசலும், அடியில் நுண்துளை உள்ள அடைப்பு. நீல நிறமாக இருக்கும். ரைசர் (மண்ணிலிருந்து மேலே எழும்பிக் கட்டடத்துக்குள் போகும் குழாய்) பக்கத்து மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதைக் குத்தி நிறுத்துவோம். வோல்ட்மீட்டரின் ஒரு கிளிப் அந்தக் குழலில்; ரைசரில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் இன்னொரு கிளிப். மைனஸ் 0.85 வோல்ட், அல்லது அதைவிட இன்னும் மைனஸ் பக்கம் வந்தால் குழாய்க்குப் பாதுகாப்பு, அதாவது அரிப்பைத் தடுக்கும் லேசான மின்னோட்டம், இருக்கிறது. மைனஸ் 0.5, 0.6 என்று நின்றால் வெறும் இரும்பு மண்ணில் கிடக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்பு உள்ள குழாயை ஒவ்வொரு வருடமும் அளக்க வேண்டும், இரண்டு சோதனைக்கு நடுவே 15 மாதத்தைத் தாண்டக் கூடாது. கரன்ட் கொடுக்கும் ரெக்டிஃபையர் இருந்தால் அதை வருடத்துக்கு 6 தடவை பார்க்க வேண்டும். 1971 ஜூலைக்குப் பிறகு புதைத்த இரும்புக் குழாய்க்கு மேல்பூச்சும் இந்தப் பாதுகாப்பும் கட்டாயம். உங்களுடையது அதற்கு முந்தியது. பாதுகாப்பே இல்லாமல் இருந்தால் 3 வருடத்துக்கு ஒருமுறை அரிப்பு நடக்கிறதா என்று ஆராய வேண்டும், நடக்கிற இடத்தில் பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும். நீங்களே மல்டிமீட்டர் வாங்கி அளந்துவிட முடியாது, இந்த வேலைக்குத் தகுதிச் சான்று உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. டல்லாஸிலிருந்து வேகோ, ஆஸ்டின் வழியாக சான் அன்டோனியோ வரை ஓடுவது நம்ம ஊர் கரிசல் மண்ணேதான். மழையில் ஊதிப் பெருக்கும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். எங்கள் ஊர்ப் பருத்திக்காடு ஞாபகம் வரும். பருத்திக்கு நல்லது, இரும்புக் குழாய்க்கு எமன். ஈரக் கரிசலில் மின்சாரம் சுலபமாக ஓடும், அரிப்பும் அதே சுலபத்தில் ஓடும். அதோடு மண் அசைந்து அசைந்து குழாயின் மேல்பூச்சை உரித்துவிடும்.

தேவி, இர்விங்:

செல்வம் அண்ணா, நாங்கள் இப்படி ஒரு வளாகத்தில் வாடகைக்கு இருக்கிறோம். துணி துவைக்கும் அறை பக்கம் இரண்டு நாளாக லேசாகக் கேஸ் வாடை. மேனேஜரிடம் சொன்னால் 'குப்பைத்தொட்டி வாடை' என்கிறார். என்ன செய்வது?

கோவில்பட்டி செல்வம்:

தேவி, மேனேஜருக்காகக் காத்திருக்காதீர்கள். சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள், தூரமாகப் போய் நின்று 911க்கும் கேஸ் கம்பெனி அவசர எண்ணுக்கும் போன் செய்யுங்கள். இப்போதே. லேசான வாடை என்றால் லேசான கசிவு என்று நினைக்க வேண்டாம். கேஸில் கலக்கும் அந்த வாடையை மண் உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் களிமண் மேலே மூடியிருந்தால் கேஸ் மேலே வராமல் பக்கவாட்டில் ஓடி, கட்டடத்து அடித்தளத்துக்குக் கீழே போய்ச் சேரும்.

தேவி, இர்விங்:

போன் செய்தேன் அண்ணா. வந்து கருவி வைத்துப் பார்த்து, அந்தக் கட்டடத்துக்குக் கேஸை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளோடு தங்கை வீட்டில் இருக்கிறோம். ரொம்ப நன்றி.

ரிச்சர்ட்சன் குமார்:

தேவி எழுதியதைப் படித்த அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். நானும் கூடவே நடந்தேன். முதல் மூன்று கட்டடத்தில் மைனஸ் 0.92, 0.89, 0.94. யாரோ எப்போதோ மெக்னீசியம் ஆனோடு (குழாய்க்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகத் துண்டு) புதைத்திருக்கிறார்கள், எழுதித்தான் வைக்கவில்லை. நாலாவதில் 0.58. ரைசர் சுவருக்குள் நுழையும் இடத்தைக் காட்டினார். மற்ற மூன்றிலும் மின்சாரம் கடக்காதபடி பிளாஸ்டிக் வளையம் வைத்த யூனியன் (குழாய் இணைப்பு), இதில் சாதாரண இரும்பு யூனியன். ஏதோ ரிப்பேரில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் மண்ணுக்குள் இருக்கும் குழாய், ஹீட்டர் வழியாக மொத்தக் கட்டடத்துச் செம்புக் குழாயோடும் எர்த்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். ஆனோடு கொடுப்பதெல்லாம் அங்கே வடிந்துபோகிறது.

கோவில்பட்டி செல்வம்:

அதேதான். நான் பார்க்கிற பாதிப் பிரச்சினைக்குக் காரணம் இந்த யூனியன்தான். மாற்றிய பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரைசருக்கும் எண் போட்டு, தேதி, அளவு, அளந்தவர் பேர் எழுதி வையுங்கள். இந்த அளவீட்டு ரெக்கார்டைக் குழாய் பயன்பாட்டில் இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும். இல்லாததை இருந்ததாக எழுதாதீர்கள், வாங்கியபோது கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனோடு புதைக்கத் தோண்டுவதாக இருந்தால் 811க்கு (தோண்டும் முன் சொல்ல வேண்டிய எண்) சொல்லுங்கள், ஆனால் கம்பெனி ஆட்கள் மீட்டர் வரைக்கும்தான் குழாய் போகும் இடத்தைக் காட்டி மஞ்சள் கோடு போடுவார்கள். அதற்கு அப்புறம் உங்கள் குழாயை நீங்கள்தான் ஆள் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரிச்சர்ட்சன் குமார்:

யூனியன் மாற்றியாயிற்று. மறுநாள் 0.79 வந்தது, இன்னும் போதாது. வியாழக்கிழமை புதிதாக இரண்டு ஆனோடு புதைக்கிறோம். அன்று காலை 9 மணியிலிருந்து நாலாவது கட்டடத்தில் கேஸ் இருக்காது என்று 6 வீட்டுக்கும் நானே கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். ஒப்பந்தத்தில் அந்த வரியையும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.